பத்து நாள் ஊழியமும் 158ஆம் பிரிவும்

கோடை விடுமுறையில் நம் சபைகளிலிருந்து நேபாளத்துக்கு மிஷன் பயணம் போகும் குழுக்கள் உண்டு. விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் போதும், ரக்சௌலில் எல்லையைத் தாண்டிவிடலாம். போவது இவ்வளவு சுலபம் என்பதால், அங்குள்ள சட்டமும் நம் ஊர்ச் சட்டம் மாதிரிதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்படி இல்லை. தன் மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையை நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியல் சட்டம் 26ஆம் பிரிவில் தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றுவதை அதே பிரிவு தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவின்படி, மதம் மாற்றினாலும் அதற்கு முயன்றாலும் உடந்தையாக இருந்தாலும் 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து 7 நாளுக்குள் நாடு கடத்துவார்கள். இந்தியருக்கு விலக்கு கிடையாது. உள்ளூர்க்காரரையும் இது விடவில்லை: நேபாளியான பாஸ்டர் கேஷவ் ராஜ் ஆச்சார்யா 2020 மார்ச்சில் பொக்காராவில் கைதானார். கொரோனாவை ஜெபத்தால் விரட்டுவது பற்றிய அவரது வீடியோ ஒன்றில் தொடங்கிய விவகாரம், கைப்பிரதி கொடுத்த வழக்காக வளர்ந்தது. டோல்பா மாவட்ட நீதிமன்றம் 2 ஆண்டு தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் அது ஓராண்டாகக் குறைந்தது.

மனசாட்சிப்படி நம்பவும் மாறவும் மனிதனுக்குள்ள உரிமையை இந்தச் சட்டம் நெரிக்கிறது என்றே நான் கருதுகிறேன். அதை எதிர்த்து வாதாட நேபாளக் கிறிஸ்தவர்களே இருக்கிறார்கள். நாம் போய்ச் சட்டத்தைச் சோதித்துப் பார்த்தால் அடி அவர்கள் மேல்தான் விழும். பத்தாம் நாள் நாம் ரயிலேறிவிடுவோம். இடம் கொடுத்த போதகரும், மொழிபெயர்த்த பையனும், முன்வரிசையில் உட்கார்ந்த விதவைத் தாயும் அந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும். "இத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள்" என்று கை தூக்கிய கூட்டத்தைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடுகிறோமே, அந்தப் படம் ஒரு வழக்குக்குச் சாட்சியாகிவிடும். தமிழில் பேசியது இந்திக்கும், அதிலிருந்து நேபாளிக்கும், பிறகு தமாங் மொழிக்கும் போய்ச் சேரும்போது, எதற்குக் கை தூக்குகிறோம் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தப் பயணங்களில் நடத்தும் மருத்துவ முகாமையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நாலு நாலாக வெட்டிக் கொடுப்பார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டோடு போய்விடும், காலாவதித் தேதி இன்னொரு துண்டோடு. எப்போது சாப்பிடுவது என்று நேபாளியில் ஒரு வரிகூட இருக்காது. வாங்கிப் போகும் பாட்டிக்கு ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை உண்டா என்று கேட்க யாருக்கும் நேரமிருக்காது. நேபாள மருத்துவ கவுன்சிலில் பதிவு பெறாமல் வெளிநாட்டு மருத்துவர் அங்கே சிகிச்சை தரக் கூடாது. மாத்திரைக்கோ கம்பளிக்கோ வரிசையில் நிற்பவரை முதலில் ஜெபக் கூட்டத்தில் உட்கார வைத்தால், சட்டத்தின் கண்ணில் அது ஆசை காட்டுவது. என் கண்ணிலும் அப்படித்தான். பசித்தவர் "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்?

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். 2010 ஜனவரியில் ஹைத்தி பூகம்பம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அமெரிக்க பாப்டிஸ்ட் குழுவினர் 10 பேர் 33 குழந்தைகளை உரிய ஆவணம் இல்லாமல் டொமினிக்கன் எல்லைக்குக் கூட்டிப் போய்ப் பிடிபட்டார்கள். அனாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள். படிப்பு கிடைக்கும் என்று நம்பி அவர்களே அனுப்பி வைத்திருந்தார்கள். குழுத் தலைவி மே மாதம் வரை சிறையில் இருந்தார். நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. நேபாளத்தின் ஹும்லா மாவட்டத்துச் சிறுமிகள் 2011இல் கோவை அருகே ஒரு விடுதியிலிருந்து மீட்கப்பட்டார்கள். அவர்களையும் அனாதைகள் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். ஆகவே "இந்தப் பிள்ளையை இந்தியாவில் படிக்க வையுங்கள்" என்று தாயே கையைப் பிடித்துக் கேட்டாலும் அழைத்து வராதீர்கள். அதே ஊரில் அந்தக் குடும்பத்தோடு இருந்து படிக்க வழி செய்யுங்கள். சந்தேகத்துக்கிடமான விடுதியைப் பார்த்தால் நேபாளத்தின் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

கிளம்பும் முன் உள்ளூர்ச் சபையிடம் "என்ன தேவை" என்று கேளுங்கள். "வராதீர்கள், பணமாக அனுப்புங்கள்" என்று பதில் வந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். காட்மாண்டு இந்தியத் தூதரகத்தின் எண்ணைத் தாளில் எழுதி ஒவ்வொருவரும் வைத்திருங்கள், போலீஸ் போனைப் பறிமுதல் செய்துவிடக்கூடும். கைதானால் காரணத்தைக் கேட்கவும் வழக்கறிஞரைப் பார்க்கவும் உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு. தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமையை 1963 வியன்னா உடன்படிக்கை தருகிறது. புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பயணச் செலவுக்குக் காணிக்கை எடுக்கும்போதே, உள்ளூர்ப் போதகர் மேல் வழக்கு வந்தால் வக்கீல் செலவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். ஊர் திரும்பிய பிறகும் மாதாமாதம் அவருக்குப் போன் போட்டு, போலீஸ் வந்து விசாரித்ததா, அண்டை வீட்டார் பேசுகிறார்களா என்று கேளுங்கள்.