துளையில்லாத ட்ரம்பெட்

ட்ரம்பெட் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். மூன்று விரல்களால் மூன்று வால்வுகளை மாற்றி மாற்றி அழுத்துவார். அந்த வால்வு 1810களில்தான் ஜெர்மனியில் வந்தது. அதற்கு முந்தைய ட்ரம்பெட்டில் பெரும்பாலும் அழுத்த எதுவும் கிடையாது. ஏழெட்டு அடி நீளப் பித்தளைக் குழாயை மடித்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். நம் கோயில் கொம்பைப் போல, உதடும் மூச்சும்தான் சுரத்தை மாற்ற வேண்டும்.

அப்படிப்பட்ட குழாயில் கீழ்ச்சுரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். எட்டாவது சுரத்திலிருந்துதான் ச, ரி, க என்று வரிசையாகக் கிடைக்கும். அங்கேயும் பதினோராவது சுரம் தொல்லை கொடுக்கும். சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவே வந்து நிற்கும். அதை உதட்டாலேயே இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

இதில் மன்னர், லைப்ஸிக் நகரின் காட்ஃப்ரீட் ரைக்க. அங்கே யொஹான் செபாஸ்டியன் பாக்கின் இசைக்கு ட்ரம்பெட் வாசித்தவர். 1734 அக்டோபர் 5 இரவு, அரசர் முன்னிலையில் தீப்பந்த வெளிச்சத்தில் பாக்கின் படைப்பு அரங்கேறியது. மறுநாள் ரைக்க தெருவில் சாய்ந்து இறந்துபோனார். வயது 67. வாசித்த களைப்பும் பந்தப் புகையும்தான் காரணம் என்கிறது அந்தக் காலத்து ஊர்க்குறிப்பு.

வால்வு வந்த பிறகு இந்த உதட்டு வித்தைக்கு வேலையில்லாமல் போனது. 1960களில் பழைய இசையைப் பழைய கருவியிலேயே வாசிக்க விரும்பியவர்கள், குழாயில் சிறு துளைகள் போட்டு மூடித் திறந்து சுரத்தைச் சரிசெய்தார்கள். இன்று பரோக் ட்ரம்பெட் வாசிப்பவர்களில் பலரும் துளையுள்ள கருவியைத்தான் எடுக்கிறார்கள். பிரெஞ்சுக் கலைஞர் ஜான்-ஃபிரான்சுவா மாடஃப் போன்ற சிலர் துளையே வேண்டாம் என்கிறார்கள்.

வானொலியில் ஒரு சிறு பிசிறு வந்தாலும் பதறுகிற ஆள் நான். ஆனாலும் என் ஓட்டு துளையில்லாத ட்ரம்பெட்டுக்கே. துளை போட்டால் சுரம் தப்பாது, உண்மைதான். துளையில்லாமல் வாசிக்கும்போதோ, ஒவ்வொரு சுரத்தையும் ஒரு மனிதர் தேடிப் பிடிப்பது காதில் விழுகிறது. ரைக்க கேட்டதும் கொடுத்ததும் அந்த ஒலிதான்.

வார இறுதியில் பிள்ளைகளோடு பாக்கின் இரண்டாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவைக் கேளுங்கள். நடுப்பகுதியில் ட்ரம்பெட்டுக்கு ஓய்வு. வாசிப்பவரின் உதடு கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். ஏனென்றால், மூன்றாம் பகுதியைத் தொடங்கி வைப்பதே ட்ரம்பெட்தான்.