பாரிசவாதமும் வைத்தியசாலைத் தாமதமும்

மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடியொன்று அடைபடுதலாலோ வெடித்தலாலோ உண்டாவது பாரிசவாதம். பெரிய நாடியொன்று அடைபட்டுச் சிகிச்சையின்றி விடப்படின், நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழியுமென அமெரிக்க மருத்துவர் ஜெப்ரி சேவர் 2006 ஆம் ஆண்டிற் கணித்துக் காட்டினார். அழிந்த கலங்கள் மீள்வதில்லை. ஆதலின் இந்நோயில் இழக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் ஒருவரது பேச்சிலும் நடையிலும் கைவன்மையிலும் ஒரு பகுதியைக் கொண்டு செல்வதாகும்.

நாடியை அடைத்த குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. நோய் தொடங்கி மூன்று மணித்தியாலத்துள் அதனை ஏற்றினால் நன்மை விளையும் என்பது 1995 இல் வெளியான அமெரிக்க ஆய்வினால் நிறுவப்பட்டது. 2008 இல் ஐரோப்பிய ஆய்வொன்று அவ்வெல்லையை நான்கரை மணித்தியாலமாக நீட்டியது. எனினும் எல்லை நீண்டது தாமதிப்பதற்கு அன்று. முந்தி ஏற்றுந்தோறும் பயன் மிகும்.

அவ்வாறாயின் நோயாளி வாயிலை அடைந்தவுடனே மருந்தை ஏற்றலாகாதோ எனின், ஆகாது. அடைப்பினால் வந்ததும் வெடிப்பினால் வந்ததும் புறத்தோற்றத்தில் ஒத்திருக்கும். கட்டியைக் கரைக்கும் மருந்து குருதிப் பெருக்குள்ளவருக்கு உயிராபத்தை விளைக்கும். எனவே சி.ரி. ஸ்கான் படம் எடுத்துப் பார்த்த பின்னரே மருந்து ஏற்றல் வேண்டும்.

தாமதம் புகுமிடம் இதுவே. பெயர் பதிதல், கட்டிலிற் கிடத்தல், குருதி எடுத்தல், அதன் முடிவுக்குக் காத்திருத்தல், படம் எடுக்கும் அறைக்குக் கொண்டு செல்லல், நரம்பியல் நிபுணரை அழைத்தல், மருந்தை வருவித்தல் என ஒன்று முடிந்த பின் ஒன்றாகக் கருமங்கள் நிகழ்கின்றன. ஒருவரும் வாளாவிருந்திலர், ஆயினும் ஒரு மணித்தியாலம் கழிந்துவிடுகின்றது.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக வைத்தியசாலையில், வாயிலை அடைந்ததிலிருந்து மருந்து ஏற்றும் வரை கழிந்த காலத்தின் இடையம் 1998 இல் 105 நிமிடமாயிருந்தது. அஃதாவது நோயாளருட் பாதிப்பேர் அதனினும் கூடிய நேரம் காத்திருந்தனர். அங்குள்ள மருத்துவர்கள் புதிய மருந்தெதனையும் தேடினாரல்லர். கருமங்களின் ஒழுங்கையே மாற்றினர். அம்புலன்ஸ் வண்டியினர் வழியிலிருந்தே செய்தி அறிவித்தனர். வண்டி வருமுன்னரே நோயாளியின் பழைய பதிவேடுகள் ஆராயப்பட்டன. கண்டோரிடம் தொலைபேசியிற் கேட்டறிந்தனர். ஸ்கான் பொறி அவசர சிகிச்சைப் பிரிவுக்கே மாற்றப்பட்டது. நோயாளி வண்டியின் தூக்குகட்டிலோடு நேரே அப்பொறிக்குக் கொண்டு செல்லப்பட்டார். படத்தை நரம்பியல் மருத்துவரே உடன் நோக்கி, அவ்விடத்திலேயே மருந்தை ஏற்றத் தொடங்கினார். இடையம் 2003 இல் 60 நிமிடமாகவும், 2011 இல் 20 நிமிடமாகவும் குறைந்தது.

இவ்விரைவு பதற்றத்தின்பாற்பட்டதன்று. இன்றியமையாத படப் பரிசோதனை கைவிடப்படவில்லை. இடையிற் கிடந்த காத்திருப்பே நீக்கப்பட்டது. நோயாளி வந்தபின் செய்வன சிலவாகவும், வருமுன் செய்வன பலவாகவும் அமைதல் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட நெறி.

அந்நெறி பிறநாட்டுக்கும் பொருந்துமோ என்னும் ஐயத்தை அவுஸ்திரேலியாவிலுள்ள றோயல் மெல்பேண் வைத்தியசாலை தீர்த்தது. 2012 இல் அதனைக் கைக்கொண்ட சில மாதங்களுள், அலுவல் நேரத்தில் வந்த நோயாளருக்கான இடையம் 43 நிமிடத்திலிருந்து 25 ஆகக் குறைந்தது. ஆனால் ஏனைய வேளைகளில் அத்தகைய குறைவு ஏற்படவில்லை. எத்துணைச் சிறந்த ஒழுங்காயினும், அதனை நடத்துதற்குரியோர் இரவிலும் விடுமுறை நாளிலும் ஆயத்தமாயிருந்தாலன்றிப் பயன்தராது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வொழுங்கில் நமக்கும் ஒரு பங்குண்டு. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை சோர்ந்து வீழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று சடுதியாகத் தோன்றினும், படுத்தெழுந்தாற் சரியாகும் என்று இருத்தல் தகாது. உடனே அம்புலன்ஸ் வண்டியை அழைத்தல் வேண்டும். நோயாளி இறுதியாக நலமுடன் காணப்பட்ட நேரத்தையும், அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் குறித்துக் கொடுத்தல் வேண்டும். மருத்துவர் முதலில் வினவுவன இவையே. வீட்டில் இழந்த காலத்தை எத்துணை விரைவான வைத்தியசாலையாலும் மீட்டுத்தர இயலாது.