விசை போகும் வழி

விசையை அழுத்துகிறோம், எழுத்து தோன்றுகிறது. இடையில் நிகழ்வது யாது என்று எண்ணுவோர் சிலரே. நானும் எண்ணியதில்லை, சென்ற பருவத்தில் ஒரு நண்பரின் உழைப்பைப் பாழாக்கும்வரை.

எங்கள் ஆய்வகத்தில் அளவீடுகளைக் குறிக்க விண்டோஸ் ஃபார்ம்ஸில் சிறு நிரல் ஒன்று எழுதினேன். கட்டங்களை நானே வரைந்தேன். முதலில் பயன்படுத்தியவர் மதுரையிலிருந்து வந்த இளைய நண்பர். “அண்ணா, அம்புக்குறியை அழுத்தினால் கட்டத்தை விட்டே ஓடிவிடுகிறதே!” என்றார். “அதற்கென்ன, எலியைப் பயன்படுத்து” என்றேன். இரண்டு மணி நேரம் கழித்து, பழக்கத்தால் என்டரைத் தட்டினார். ‘புதிய தாள்’ என்ற பொத்தானை இயல்புப் பொத்தானாக வைத்திருந்தவன் நான். அத்தனையும் அழிந்தது. ஒளிபட்டால் கெடும் மாதிரி அது. மீண்டும் அளக்க வழியில்லை.

அன்றிரவுதான் காரணம் தேடினேன். விசைச் செய்தி நேரே நம் கட்டத்தை அடைவதில்லை. முதலில், குறுக்குவழிக் கட்டளையா என்று பார்க்கப்படும். அடுத்து ‘இஸ்இன்புட்கீ’ என்னும் செயற்கூறு, “இவ்விசை உனக்கு வேண்டுமா?” என்று கட்டத்தையே வினவும். நாம் ஒன்றும் எழுதாவிடில் டேப், என்டர், அம்புக்குறிகளுக்கு விடை ‘வேண்டாம்’ என்பதே. உடனே படிவம் அவற்றை எடுத்துக்கொள்ளும். டேப்பும் அம்பும் அடுத்த உறுப்புக்குத் தாவும். என்டர் இயல்புப் பொத்தானை அழுத்தும். நாம் காத்திருக்கும் ‘கீடவுன்’ நிகழ்வோ பிறக்கவே பிறக்காது! சாதாரண எழுத்துகளால் படிவத்துக்குப் பயனில்லை. ஆதலால் அவை மட்டும் நம்மிடம் வந்து சேரும். இதனாலேயே பிழை கண்ணில் படவில்லை.

மருந்து எளிது. அச்செயற்கூறை மேலெழுதி, 37 முதல் 40 வரையுள்ள அம்புக்குறிகளுக்கும் 13 ஆகிய என்டருக்கும் ‘ஆம்’ என்று விடை தரவேண்டும். மற்றவற்றை மூலத்திடமே விட்டுவிடலாம். பிறர் எழுதிய உறுப்பாயின், 2005-இல் டாட்நெட் 2.0 தந்த ‘பிரிவியூகீடவுன்’ நிகழ்வில் இதையே செய்யலாம். டேப்பை நான் தொடவில்லை. எலியின்றி வேலை செய்வோர் கட்டத்தைவிட்டு வெளியேற அது ஒன்றே வாயில்.

தமிழில் தட்டுவோர்க்கு ஒரு சொல். விசையெண் எவ்விசை என்பதையே காட்டும்; எவ்வெழுத்து என்பதையன்று. தமிழ்99-இல் ‘க’ இருக்குமிடம் ஆங்கில ‘எச்’. எழுத்து வேண்டுமாயின் ‘கீபிரஸ்’ நிகழ்வையே கேளுங்கள்.

‘புதிய தாள்’ இப்போது இயல்புப் பொத்தான் அன்று. நண்பர் வேறு மாதிரியுடன் வந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக என்டரைத் தட்டிப் பார்த்தார்.