நந்தனத்தில் தொலைந்த போனும் நான்கு மணி நேரமும்

மொபைல் போன் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகளை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். நானும் படித்திருக்கிறேன், நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால், என் போனே தொலைந்து, முன்பின் தெரியாத ஒருவர் கையில் அது இருக்கிறது என்று தெரிந்தபோதுதான், இந்தக் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதைக் கண்டேன். உடனே சிம்மை முடக்கு என்கிறது ஒன்று. போனை விடாமல் அழைத்துப் பார் என்கிறது இன்னொன்று. உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடு என்கிறது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துச் செய்ய முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

2025 ஜனவரி, இரண்டாவது சனிக்கிழமை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சி முடிய ஒரு நாள் இருந்தது. உள்ளே காலை வைக்க இடமில்லை. ஒரு ஸ்டாலில் இரண்டு கைகளாலும் தடிமனான நூல் ஒன்றைப் புரட்டுவதற்காக, போனைப் பக்கத்து அடுக்கின் மீது வைத்தேன். அங்கேயே விட்டுவிட்டேன். நந்தனம் மெட்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கி, டிக்கெட் எடுக்கப் பையில் கையை விட்டபோதுதான் தெரிந்தது. மணி 5.20. ஓடிப் போய்ப் பார்த்தேன். அடுக்கு இருந்தது, போன் இல்லை. ஸ்டாலில் இருந்தவர், தான் எதையும் பார்க்கவில்லை என்றார்.

அருகில் தேநீர் குடித்துக் கொண்டிருந்த ஒருவரிடம் போன் வாங்கி என் எண்ணுக்கு அழைத்தேன். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை ஓர் இளைஞர் குரல், "யாருங்க?" என்றது. இங்குதான் முதல் தவறைச் செய்தேன். "நீ யாருப்பா? என் போன் உன்கிட்ட எப்படி வந்துச்சு?" என்று கத்தினேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் பதில் இல்லை.

ஆன்ட்ராய்ட் போன் என்றால், கூகுள் தரும் வசதி மூலம் அது இருக்கும் இடத்தை மேப்பில் பார்க்கலாம். 2013ல் ஆன்ட்ராய்ட் டிவைஸ் மேனேஜர் என்ற பெயரில் வந்தது இது. 2017ல் பைண்ட் மை டிவைஸ் ஆனது. 2025 மே மாதம் முதல் இதன் பெயர் பைண்ட் ஹப். இதனைப் பயன்படுத்த உங்கள் கூகுள் அக்கவுண்ட்டில் நுழைய வேண்டும். எவர் போனிலும் நுழையலாம்தான். ஆனால் என் அக்கவுண்ட்டில் இரண்டடுக்கு சோதனை வைத்திருக்கிறேன். பாஸ்வேர்ட் தந்த பிறகு ஓர் எண் கேட்கும். அந்த எண் எங்கே வரும்? தொலைந்த போனுக்குத்தான்! இதற்காகவே கூகுள் 10 பேக்கப் எண்களைத் தருகிறது. ஒரு முறை பிரின்ட் எடுத்து பர்சில் வைத்துக் கொண்டால் போதும். நான் வைத்திருக்கவில்லை. எனவே, ஏற்கனவே அனுமதி பெற்ற வீட்டுக் கம்ப்யூட்டர்தான் ஒரே வழி. வெங்கடநாராயணா சாலை வழியே மேற்கு மாம்பலம் வரை நடையும் ஓட்டமுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி 6.15.

மேப்பில் போன் தெரிந்தது. பேட்டரி 31 சதவீதம். ஆனால் இடம் மைதானம் இல்லை. சைதாப்பேட்டைப் பக்கம் சில தெருக்கள். "அப்பா, வா போகலாம், கதவைத் தட்டிக் கேட்டுடலாம்" என்று என் மகன் செருப்பை மாட்டிக் கொண்டான். அவனை உட்கார வைத்து, திரையில் புள்ளியைச் சுற்றி இருந்த வெளிர் வட்டத்தைக் காட்டினேன். போன் அந்தப் புள்ளியில் இருக்கிறது என்று கூகுள் சொல்லவில்லை. அந்த வட்டத்திற்குள் எங்கோ இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. கட்டடத்திற்குள் இருக்கும் போனுக்கு ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது. சுற்றியுள்ள வை-பி இணைப்புகளையும் மொபைல் டவர்களையும் கொண்டு உத்தேசமாகக் கணக்கிடப்படும். எங்கள் வட்டத்திற்குள் ஏறத்தாழ 40 வீடுகள் இருந்தன.

அமெரிக்காவின் டென்வர் நகரில் 2022 ஜனவரியில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். திருடப்பட்ட ஒரு டிரக்கில் துப்பாக்கிகளும் ஒரு பழைய ஐபோனும் இருந்தன. உரிமையாளர் பைண்ட் மை அப்ளிகேஷனில் பார்த்துச் சொன்ன இடத்தை நம்பி, ஆயுதம் தாங்கிய போலீஸ் படை ஒரு வீட்டை உடைத்துச் சோதனையிட்டது. அங்கே இருந்தது 77 வயது மூதாட்டி ஒருவர். டிரக்கும் இல்லை, போனும் இல்லை. அந்த வட்டம் பல வீடுகளை உள்ளடக்கியது என்பதை எவரும் கவனிக்கவில்லை. 2024ல் நீதிமன்ற நடுவர் குழு அவருக்கு 37.6 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. போலீசுக்கே இந்த நிலை என்றால், நாம் போய் யார் கதவைத் தட்டுவது? மகன் செருப்பைக் கழற்றினான்.

எந்த பட்டனை அழுத்துவது?

திரையில் மூன்று வழிகள் இருந்தன. ஒலி எழுப்புவது, லாக் செய்வது, முழுவதுமாக அழிப்பது. ஒலி எழுப்பினால், சைலண்ட்டில் இருந்தாலும் போன் 5 நிமிடம் அலறும். ஏற்கனவே பயந்திருக்கும் ஒருவரிடம் இது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அழித்துவிடலாம் என்றான் மகன். பாதுகாப்புக்கு அதுதான் நல்லது. ஆனால், அழித்த பிறகு அந்த போனை மேப்பில் பார்க்க முடியாது. என் தயக்கத்திற்கு வேறு காரணமும் இருந்தது. 2023ல் மறைந்த என் அப்பா, அதற்குச் சில வாரங்கள் முன்பு ஊர் வீட்டைப் பற்றியும், தாத்தா அந்தக் கிணற்றை வெட்டிய கதையையும் சொன்னதை ரெக்கார்ட் செய்திருந்தேன். 22 நிமிடம். எங்கும் நகல் இல்லை. கூகுளில்தான் எல்லாம் பேக்கப் ஆகிறதே என்று நினைத்திருந்தேன். கூகுள் போட்டோஸ், படங்களையும் வீடியோவையும் மட்டுமே நகல் எடுக்கும்; குரல் பதிவு பைல்களைத் தொடாது. இது அன்று மாலைதான் எனக்கு உறைத்தது.

அடுத்தது சிம். தொலைந்த சிம்மை எவரும் கழற்றி வேறு போனில் போடலாம். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எல்லாம் அந்த போனுக்குப் போகும். அதனால்தான் உடனே முடக்கச் சொல்கிறார்கள். ஆனால் சிம் போனால் மொபைல் டேட்டா போகும். அதன் பின்னர் போன் எங்கே நகர்கிறது என்று தெரியாது. நாம் அனுப்பும் செய்தியும் போய்ச் சேராது. அவர் மனம் மாறி அழைக்க நினைத்தாலும் அழைக்க முடியாது.

நாங்கள் ஒரு நடுவழியை எடுத்தோம். மகனின் போனிலிருந்து வங்கியின் 24 மணி நேர உதவி எண்ணை அழைத்து, யு.பி.ஐ., நெட் பேங்கிங் இரண்டையும் நிறுத்தி வைத்தோம். டெபிட் கார்டு என் பர்சில்தான் இருந்தது என்பது ஓர் ஆறுதல். புதிதாக யு.பி.ஐ. பின் அமைக்க, கார்டின் கடைசி 6 இலக்கங்களோ அல்லது ஆதார் எண்ணோ தேவைப்படும். போன் கவருக்குள் டெபிட் கார்டைச் செருகி வைப்பவர்கள் தயவுசெய்து இந்த வரியை மீண்டும் ஒருமுறை படிக்கவும். சிம்மை இரவு 10 மணி வரை விட்டு வைப்பது, அதற்குள் பதில் வராவிட்டால் முடக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். இது சரியான முடிவா என்று கேட்டால், வங்கியை முதலில் பிடிக்க முடிந்ததால் சரி என்பேன். உங்களால் முடியவில்லை என்றால், யோசிக்காமல் சிம்மை முடக்கிவிடுங்கள்.

பின்னர் லாக் செய்திடும் கட்டத்திற்குச் சென்றேன். அதில் ஒரு செய்தியும், தொடர்பு எண்ணும் தரலாம். இவை போனின் லாக் திரையில் தெரியும். எடுத்தவர் போனைத் திறக்காமலேயே, அந்த பட்டனை அழுத்தி நம்மை அழைக்கலாம். என்ன எழுதுவது என்பதில்தான் அதிக நேரம் ஆனது. போலீஸ் என்ற சொல்லை மகன் சேர்க்கச் சொன்னான். நான் மறுத்தேன். பரிசுத் தொகையையும் எழுதவில்லை. இதில் சட்டம் சுவாரஸ்யமானது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகையைப் பரிசாக அறிவித்துவிட்டால், கண்டெடுத்தவர் அதைக் கேட்டு வழக்கே தொடரலாம். அதே சமயம், உரிமையாளர் யார் என்று தெரிந்தும் பொருளைத் தனதாக்கிக் கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குற்றம். நான் எழுதியது இவ்வளவுதான்: "போனைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி. இதில் என் மறைந்த தந்தையின் குரல் இருக்கிறது. கீழே உள்ள எண்ணை அழைத்தால், நீங்கள் சொல்லும் இடத்திற்கு நானே வருகிறேன்."

காத்திருந்த நேரத்தில், மறுநாள் வேலைக்கான தயாரிப்பைச் செய்தேன். பழைய அட்டைப் பெட்டியைத் தேடி, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக் கொண்டேன். (உங்கள் போனில் *#06# அழுத்தி இப்போதே குறித்து வையுங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் இருக்கும்.) மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். திட்டம் 2019ல் மும்பையில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே முதல் சஞ்சார் சாத்தி தளம் வழியே நாடு முழுவதும் கிடைக்கிறது. போலீசில் புகார் தந்து, அந்த ரசீதையும் அடையாளச் சான்றையும் ஏற்றினால், எந்த சிம்மைப் போட்டாலும் இந்திய நெட்வொர்க்கில் அந்த போன் வேலை செய்யாது. போட்ட சிம்மின் விவரம் போலீசுக்குக் கிடைக்கும். ஆனால் இதற்கு முன் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியாக வேண்டும். மாற்று சிம்மில் எஸ்.எம்.எஸ். வர 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதையும் கணக்கில் கொள்ளவும். போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் தடையை நீக்க மறக்க வேண்டாம்.

இரவு 9.10க்கு மகனின் போன் ஒலித்தது. அழைத்தது என் எண்!

"சார், இந்த போனு உங்களுதா? ஸ்கிரீன்ல எழுதியிருந்துச்சு. கம்ப்ளெய்ன்ட் எதுவும் குடுக்கலையே?"

இல்லை என்றேன். வேறொரு ஸ்டாலில் புத்தகக் கட்டு தூக்கும் வேலைக்கு வந்தவராம். வாங்கிப் போன கட்டோடு போனும் சேர்ந்து வந்துவிட்டது. முதலாளியிடம் கொடுத்தால், திருடியதாகச் சொல்லிவிடுவார்களோ என்று அறைக்கு எடுத்துப் போயிருக்கிறார். "மொதல்ல ஒருத்தர் போன் பண்ணி கத்துனாரு சார். அவரு ஓனரா, யாருன்னே தெரியல. பயந்துட்டேன்" என்றார். அந்த ஒருத்தர் நான்தான் என்று அப்போது சொல்லவில்லை.

நந்தனம் சிக்னலில், தேவர் சிலைக்கு அருகே, வெளிச்சமான இடமாகப் பார்த்து நின்றோம். வந்தவருக்கு 20 வயதுதான் இருக்கும். போனை நீட்டவில்லை. "லாக்கைத் திறந்து காட்டுங்க சார்" என்றார். நியாயம்தானே? நான் அவரைச் சந்தேகித்தது போல, அவர் என்னைச் சந்தேகிக்கக் கூடாதா? விரலை வைத்தேன். ஏற்கவில்லை, பின் நம்பர் கேட்டது. தினமும் விரல் ரேகையில் திறந்தே பழகியதால், பதற்றத்தில் இரண்டு முறை தவறாகப் போட்டேன். அவர் முகம் மாறியது. மூன்றாவது முறை திறந்தது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீங்கதானா சார் அது?" என்று சிரித்தார். 1,000 ரூபாய் கொடுத்தேன். 200 ரூபாய் மட்டும் ஆட்டோவுக்கு என்று எடுத்துக் கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, ரெக்கார்டிங்ஸ் போல்டரை கம்ப்யூட்டருக்கும் ஒரு பென் டிரைவிற்கும் காப்பி செய்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று இயக்கிப் பார்த்தபோது, அம்மா சமையலறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, 22 நிமிடமும் கேட்டார்.

வீட்டில் உள்ள எல்லா போன்களிலும் சிம் லாக் அமைத்திருக்கிறோம். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பிரிவில் பெரும்பாலும் இருக்கும். தொடக்க எண்ணை உங்கள் சிம் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்து கொண்டு, பின் மாற்றிக் கொள்ளவும். இதன் பிறகு சிம்மை வேறு போனில் போட்டால், எண் தந்தால்தான் இயங்கும். ஊகித்து முயற்சி செய்ய வேண்டாம். 3 முறை தவறினால் பி.யு.கே. எண் கேட்கும், அதையும் 10 முறை தவறாகத் தந்தால் சிம் நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். என் மகன் முதல் நாளே 3 முறை தவறாகப் போட்டு, பி.யு.கே. எண் கேட்டுக் கடைக்குப் போய் வந்தான்.