கடல் கடக்கும் கோப்புகள்

புங்குடுதீவின் கோடியிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலே நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்போரின் கைகளில் அரிசி மூட்டையையும், மருந்துப் பொதியையும், காய்கறிப் பையையும் காண்கின்றோம். நம் கண்ணுக்குத் தெரியாத சரக்கு ஒன்றும் அவர்களோடு கடல் கடக்கின்றது. மாணவன் ஒருவனின் சட்டைப் பையில், சுண்டுவிரல் அளவேயான 'பென் டிரைவ்' ஒன்றில், அவன் இரவு பகலாக எழுதிய ஒப்படையும், வீட்டுக் காணி உறுதியின் படமும் இருக்கின்றன. அந்தச் சிறு கருவி கடலில் தவறி விழுந்தால் போவது என்ன என்பதை நாம் சிந்திப்பதுண்டா?

ஜப்பான் நாட்டுத் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா என்பவர் 1980களின் தொடக்கத்திலே கண்டறிந்த 'பிளாஷ்' நினைவகமே இக்கருவியின் உயிர்நாடி. மின்சாரம் கடத்தாத மெல்லிய சுவர்களுக்குள்ளே இலத்திரன்களை அடைத்து வைப்பதனால், மின்சாரம் நின்ற பின்னரும் எழுதியது அழியாதிருக்கின்றது. 2000 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த தொடக்ககாலக் கருவி ஒன்றின் கொள்ளளவு 8 மெகாபைட்டே. அந்நாளில் வழக்கிலிருந்த பிளாப்பித் தட்டோ 1.44 மெகாபைட்டே கொண்டது. இன்று 64 கிகாபைட் கொள்ளும் கருவியும் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றது.

ஆயினும் அச்சுவர்கள் என்றென்றைக்கும் காப்பவை அல்ல. ஆண்டுகள் செல்லச் செல்ல இலத்திரன்கள் கசிந்துவிடுகின்றன. அழித்து அழித்து எழுதுவதற்கும் ஓர் எல்லை உண்டு. தீவகத்து உப்புக்காற்று உலோக முனையை அரிக்கவும் கூடும். ஆதலால் பென் டிரைவைத் தோணியாகக் கொள்ள வேண்டுமேயன்றிப் பெட்டகமாகக் கொள்ளலாகாது.

தோணியில் ஏற்றுவதற்கும் சில முறைகள் உண்டு. கோப்பை வெட்டி எடுத்து ஒட்டாமல், பிரதி செய்தே ஒட்டுதல் வேண்டும். மூலம் வீட்டுக் கணினியிலேயே இருக்கட்டும். எழுதி முடிந்தது போலத் திரை காட்டினும், கணினி சில வேளைகளில் ஒரு பகுதியைத் தன் நினைவிலே வைத்திருந்து பின்னரே எழுதும். முறைப்படி விடுவிக்காமல் கருவியைப் பிடுங்குவது, படகு துறையை அணையுமுன் குதிப்பதை ஒக்கும்.

பாமினி எழுத்துருவிலே தட்டிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளிப்பதை நம்மவர் பலரும் அறிவர். ஒருங்குறியிலே எழுதிப் பி.டி.எஃப். பிரதியொன்றும் உடன் கொண்டு செல்வது நன்று. யாழ்ப்பாண நகரத்தவர் கோப்புத் திறக்காவிடின் வீட்டுக்குச் சென்று திரும்பி வரலாம். நெடுந்தீவு மாணவனுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணமும், அடுத்த படகுக்கான காத்திருப்பும் குறுக்கே நிற்கின்றன.

பிறர் கணினியிலிருந்து வரும் வைரசுக்கும் அஞ்ச வேண்டும். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தோன்றிய 'கொன்பிக்கர்' இத்தகைய கருவிகளின் வழியாகவும் உலகெங்கும் பரவிற்று. உறுதி, அடையாள அட்டை முதலியவற்றின் படங்களைக் கடவுச்சொல் இட்டுப் பூட்டி வைத்தலும் அறிவுடைமையாகும்.

பிரதியின் அருமையை நம் மண்ணுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பிக்க முடிந்தது, யார் யாரோ ஏடு பார்த்து ஏடு எழுதி வைத்தமையால் அன்றோ! யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்தவற்றை மீண்டும் தேடிப் பெற வழியிருந்தது. ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் போனவை போனவையே. 2005 இல் தொடங்கிய நூலகம் எனும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படமெடுத்துப் பலரும் பிரதி எடுத்துக்கொள்ளுமாறு இணையத்தில் வைத்துவருகின்றது.

நம் வீட்டிலும் உறுதி உண்டு, பாட்டனாரின் கடிதம் உண்டு, பிள்ளையின் ஒப்படை உண்டு. இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளைகளை அருகே அழைத்து, அவை ஒவ்வொன்றும் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று கேட்போம். 'ஓரிடத்தில்' என்று விடை வருமாயின், நாளைய படகு புறப்படுமுன் இன்னொரு பிரதி எடுத்து வைப்போம்.