உங்களுக்குத் தெரியுமா? ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காத கோல் வேட்டைக்காரர்!

16 ஆண்டுகள் தொழில்முறைக் கால்பந்து. சிவப்பு அட்டை கிடையாது. மஞ்சள் அட்டைகூட ஒன்றும் கிடையாது! அந்த வீரர், இங்கிலாந்தின் கேரி லினெக்கர்.

● 1986 மெக்சிகோ உலகக் கோப்பை. அடிபட்ட இடது கையில் கட்டோடு களமிறங்கினார். போலந்துக்கு எதிராக முதல் பாதியிலேயே 3 கோல். தொடரில் மொத்தம் 6 கோல். தங்கக் காலணி அவருக்கே.

● இங்கிலாந்துக்காக 80 ஆட்டங்களில் 48 கோல். பாபி சார்ல்டனின் அன்றைய சாதனை 49. அதைச் சமன்செய்ய 1992-இல் வெம்ப்ளியில் பிரேசிலுக்கு எதிராக ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தை மெல்லத் தூக்கித் தட்டப் பார்த்தார், கோல்கீப்பர் தடுத்துவிட்டார்.

● ஓய்வுக்குப் பிறகு கையில் மைக். பிபிசியில் 1964 முதல் வரும் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சியை 1999 முதல் 2025 வரை தொகுத்து வழங்கினார்.

● சொந்த ஊர் அணியான லெஸ்டர் சிட்டி லீக் பட்டம் வென்றால் உள்ளாடையோடு நிகழ்ச்சி நடத்துவதாகச் சொல்லியிருந்தார். 2016-இல் லெஸ்டர் வென்றது. அந்த ஆகஸ்டில் சட்டையில்லாமல், வெள்ளை அரைக்கால்சட்டையோடு கேமரா முன் நின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்!

பந்து விளையாடும் பிள்ளைகளே, நினைவில் வையுங்கள்: முரட்டு ஆட்டம் இல்லாமலும் உச்சம் தொடலாம்.