தொடத் தெரிந்த கைகள்

“கொஞ்சம் காலைப் பிடித்துவிடு, கண்ணு” என்று பாட்டி கேட்காத வீடு உண்டா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாளெல்லாம் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. தைலத்தை எடுத்துக்கொண்டு நாம்தான் அருகில் உட்காருகிறோம். பிறந்த குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் நீவிவிடுவதில் கைதேர்ந்த பாட்டிமார் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆக, தொட்டு நோவு தீர்க்கும் கலையில் நாம் அனைவரும் அரிச்சுவடி படித்தவர்களே. ஆனால், இதையே முறையாகக் கற்று ஒரு பெண் தன் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள முடியுமா? இவ்வாண்டு மலருக்கு இப்பொருளை நாங்கள் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் தோழி ஒருத்தி த்ரோபால் பயிற்சியின்போது கையை ஊன்றிக் கீழே விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் “சுளுக்குதான்” என்றார்கள். தெருவில் சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவர் எண்ணெய் தடவி, கையைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். அவள் போட்ட கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்டதாம். வீக்கம் குறையாததால் மறுநாள் வேறோர் இடத்தில் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டினார்கள். அன்றிரவு விரல்கள் நீலம் பாரித்து மரத்துப்போயின. விடிந்ததும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார் அவளுடைய அப்பா. எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. கட்டை வெட்டி எடுத்த மருத்துவர், இரத்த ஓட்டம் இன்னும் சில மணி நேரம் தடைப்பட்டிருந்தால் முன்கைத் தசைகள் செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போயிருக்கும் என்று சொன்னாராம்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அவளுடைய மணிக்கட்டு மரக்கட்டையாக நின்றது. அதைச் சிறிது சிறிதாக இளக்கி, பேனா பிடிக்க வைத்தவரும் கையால் வைத்தியம் செய்யும் ஒரு பெண்மணிதான். கெடுத்ததும் கை, குணமாக்கியதும் கை. இரண்டுக்கும் இடையே இருந்தது பயிற்சி ஒன்றுதான். சுளுக்கு எடுத்த பெரியவர் கெட்டவர் அல்லர், காசுகூட வாங்கவில்லை. எலும்பு முறிவை எப்படி அடையாளம் காண்பது என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அவ்வளவே.

பெற்றோர் பலர் “மஸாஜ்” என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பதை நாங்கள் அறிவோம். இந்தத் தயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று, புதியதும் அன்று. 1894ஆம் ஆண்டில் லண்டன் நகரில் இதே பேச்சு பெரிதாக எழுந்தது. உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் சில தகாத செயல்களுக்குத் திரையாக இருப்பதாகப் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்ற மருத்துவ இதழ் எழுதியது. உண்மையாகவே நோயாளிகளுக்குத் தொண்டு செய்துவந்த பெண்களின் பெயரும் இதனால் கெட்டது. வேறு சிலராக இருந்தால் தொழிலை விட்டு ஒதுங்கியிருப்பார்கள். லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர் என்னும் நான்கு செவிலியர் அவ்வாறு ஒதுங்கவில்லை. அதே ஆண்டில் பயிற்சி பெற்ற பெண்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள், தேர்வு வைத்தார்கள், விதிகள் வகுத்தார்கள். மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் சிகிச்சை செய்யலாகாது; மருத்துவ இதழ்கள் தவிர வேறெங்கும் விளம்பரம் கூடாது; நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது; மருத்துவர் தனியாகக் கேட்டுக்கொண்டாலன்றி ஆண்களுக்கு உடம்பு முழுதும் பிடித்துவிடக் கூடாது. இப்படிக் கறாரான விதிகள்.

பலன் என்ன தெரியுமா? 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, காயம்பட்ட வீரர்களின் மரத்துப்போன கைகால்களைச் சரிசெய்ய ஐம்பது பயிற்சி பெற்ற பெண்களுடன் ஒரு படைப்பிரிவே தொடங்கப்பட்டது. சங்கத்திற்கு 1920இல் அரச சாசனம் கிடைத்தது. 1944இல் அது ‘பிசியோதெரபி’ என்ற சொல்லைத் தன் பெயரில் சூடிக்கொண்டது. இன்று நம் மருத்துவமனைகளில் வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்கும் பிசியோதெரபிஸ்டுகளின் தொழில் வளர்ந்த வழிகளுள் இது முக்கியமானது. அந்த நால்வரையும் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று என்பதை மறைப்பானேன்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேல்நாட்டார் இக்கலைக்குப் பெயர் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே சித்த மருத்துவம் இதற்குத் ‘தொக்கணம்’ என்று பெயரிட்டிருக்கிறது. சித்தர்கள் கூறிய புறமருத்துவ முறைகள் முப்பத்திரண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று. தொக்கணத்திலும் ஒன்பது வகை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்பன அவை. பெயர்களைப் பாருங்கள்! ஒன்றுகூட அகராதி பார்க்க வேண்டிய சொல் அன்று. எல்லாம் நம் வீட்டு அடுப்படியில் புழங்கும் தமிழ். ஆனால் எந்த நோய்க்கு எது, எவ்வளவு நேரம், எந்தத் தைலத்துடன் என்பதில்தான் படிப்பு இருக்கிறது. பக்கவாதத்தால் தளர்ந்த கைக்கு உளுந்துத் தைலம் இட்டு நீவும் முறை வேறு. இடுப்புப் பிடிப்புக்குச் செய்யும் முறை வேறு.

தொக்கணத்துக்கு நெருங்கிய உறவு வர்ம மருத்துவம். வர்ம இடங்கள் 108 என்பர். அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். சில இடங்களில் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், மாணவனின் குணத்தை நெடுநாள் பார்த்த பிறகே ஆசான் வித்தையைச் சொல்லிக்கொடுப்பாராம். மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கும் இந்நாளில் இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய வழக்கமாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

சரி, எங்கே படிப்பது? வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்பத்தூரிலிருந்து திருமங்கலம் வழியாகச் சென்றால் அண்ணா நகரை ஒட்டிய அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. அந்த வளாகத்திலேயே 1985இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2000இல் தொடங்கிய அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. இரண்டிலும் பட்டப்படிப்பு, மருத்துவமனைப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும். சித்த மருத்துவத்துக்கு நீட் தேர்வு உண்டு. யோகா, இயற்கை மருத்துவத்துக்குத் தமிழக அரசு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே இடம் தருகிறது. விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டு அறிவிப்பைக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சித்த மருத்துவ நூல்கள் பெரும்பாலும் தமிழ்ச் செய்யுளில் இருப்பதால், இலக்கணத்துக்குப் பயந்து ஓடும் தோழியர் கொஞ்சம் நின்று யோசிக்கவும்!

ஐந்தரை ஆண்டு படிக்க வசதியில்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்று பெற்றோர் கேட்கலாம். இந்திய மருத்துவத் துறை நடத்தும் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு இரண்டரை ஆண்டுகளே. இதை முடித்தவர்கள் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வேலைக்குப் பெண்களுக்கெனத் தனி இடங்கள் உண்டு. ஏனெனில் பெண் நோயாளிகளைப் பெண்களே கவனிக்க வேண்டும். மூன்றாவது வழி பிசியோதெரபி பட்டம். அதற்கு வேலூரை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே மருத்துவராக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியால் எழுந்தது.

ஒரு வாரத்தில் சான்றிதழ், மாதம் இவ்வளவு சம்பளம் என்று சுவரொட்டி ஒட்டும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றை நாங்கள் நம்பவில்லை. ஏன் என்றால், உண்மையான பயிற்சியில் முதல் ஆண்டு பெரும்பாலும் யாரையும் தொடவே விடமாட்டார்கள். உடம்பில் எலும்புகள் 206. ஒரு கையில் மட்டும் 27. தசைகள் அறுநூறுக்கு மேல். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு எதன் அடியில் ஓடுகிறது என்பதெல்லாம் முதலில் மனத்தில் பதிய வேண்டும். பிறகு மாணவியர் ஒருவருக்கொருவர் செய்து பழகுவார்கள். தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வூட்டுதல் என்று மேல்நாட்டு முறையின் ஐந்து அசைவுகளும் இயற்கை மருத்துவப் படிப்பில் உண்டு. மற்றவர் கை தன்மேல் படும்போது எப்படி இருக்கிறது என்று அறியாதவள் பிறரைத் தொடத் தகுதியில்லாதவள் என்பதே இதன் கருத்து.

சின்னச் சின்ன விதிகள்தாம் எத்தனை! நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். மோதிரமும் வளையலும் கூடாது. எண்ணெயை நோயாளியின் மேல் நேரே ஊற்றாமல், தன் உள்ளங்கையில் விட்டுச் சூடாக்கிய பிறகே தடவ வேண்டும். சிகிச்சை நடக்கும் இடத்தைத் தவிர மற்ற உடம்பைத் துணியால் மூடியிருக்க வேண்டும். கட்டைவிரலால் மட்டும் அழுத்தினால் சில ஆண்டுகளில் செய்பவரின் விரலே பழுதாகிவிடும். ஆகவே காலை ஊன்றி நின்று, உடம்பின் பாரத்தைக் கைக்குக் கொண்டுவரப் பழக வேண்டும். பாட்டிக்குக் கால் பிடிக்கும்போது பத்து நிமிடத்தில் நமக்கு விரல் கடுப்பது ஏன் என்று இப்போது எங்களுக்குப் புரிகிறது.

எல்லாவற்றிலும் பெரிய பாடம், எப்போது தொடக்கூடாது என்பது. காய்ச்சல் அடிக்கும்போது கூடாது. புதிதாக முறிந்த எலும்பின் மேலும், புண் அல்லது சீழ் உள்ள இடத்திலும் கூடாது. ஒரு காலில் மட்டும் கெண்டைப்பகுதி வீங்கி, சூடாகி, வலித்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்துவிட்டால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடக்கூடும். கருவுற்ற பெண்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் செய்யலாகாது. மூப்பினால் எலும்பு தேய்ந்த முதியவர்களை அழுத்தி இழுத்தால் முறிவு ஏற்படலாம். கையால் எல்லா நோயும் தீரும் என்பாரும் உண்டு, தீராது. வலி குறையும், தசை இளகும், தூக்கம் வரும். அதற்காகச் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட முடியுமா?

ஆனாலும் இந்த மருத்துவர்கள் உடம்பை ஒரு துண்டாகப் பார்ப்பதில்லை என்பது உண்மை. கழுத்து வலி என்று வருபவரிடம் எப்போது தூங்குகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், மலம் ஒழுங்காகப் போகிறதா, மனத்தில் என்ன கவலை என்றும் கேட்கிறார்கள். நோயாளி பேசப் பேச இறுகிய தோள் தானாகவே இறங்குவதுண்டாம். காது கொடுப்பதும் இத்தொழிலில் பாதி வேலை.

நம் தையல் வகுப்பில் “கண்ணால் பார்க்காதே, விரலால் பார்” என்று சிஸ்டர் சொல்வது நினைவிருக்கும். ஜப்பானில் இதை மெய்யாகவே செய்து காட்டினார்கள். சுகியாமா வாயிச்சி என்னும் பார்வையற்ற மருத்துவர் 17ஆம் நூற்றாண்டிலேயே தம்மைப் போன்றவர்களுக்கு உடம்பு பிடிக்கும் கலையையும் ஊசி மருத்துவத்தையும் கற்பிக்கப் பள்ளிகள் ஏற்படுத்தினார். அந்நாட்டில் அது பார்வையற்றோரின் மரபுத் தொழிலாகவே வளர்ந்தது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த ஆங்கிலேய வீரர் பலரும் இப்பயிற்சி பெற்றுப் பிழைத்தார்கள். நம் பூந்தமல்லியிலேயே பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே புத்தகத்தை விரலால் படிக்கும் பிள்ளைகளை நினைக்கும்போது, தசையின் முடிச்சை விரலால் கண்டுபிடிப்பது அவர்களுக்கு எவ்வளவு எளிதாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மகளை இப்படிப்புக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் கல்லூரியைப் பற்றி மட்டுமன்று, பிறகு அவள் வேலை செய்யப்போகும் இடத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். மருத்துவர் ஒருவர் பொறுப்பில் இருக்கிறாரா? பெண்களுக்குப் பெண்களே செய்கிறார்களா? கூப்பிடு தூரத்தில் துணைக்கு ஆள் உண்டா? பிடிக்காத நோயாளியை மறுக்க அவளுக்கு உரிமை இருக்கிறதா? 1894இல் அந்த நான்கு செவிலியர் கேட்ட கேள்விகளும் ஏறக்குறைய இவையே.

எங்கள் தோழி பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். மணிக்கட்டுக்குப் பயிற்சியாகக் கொடுத்த பஞ்சுப் பந்தை இன்னமும் பையில் வைத்திருக்கிறாள். பாடம் நடக்கும்போது மேசைக்கு அடியில் அதை அமுக்கிக்கொண்டே இருப்பாள். போன மாதம் அவளுடைய பாட்டிக்கு ஒரு கால் மட்டும் வீங்கியபோது, தைலத்தோடு வந்த அத்தையைத் தடுத்து, “முதலில் டாக்டரிடம் காட்டுவோம்” என்றாளாம். அத்தைக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பாட்டி நலமாக இருக்கிறார்.